அலுமினியக் காயில் ஏன் பொத்துப்போகிறது?

ஏ.சி. அவுட்டோர் யூனிட், லாரி ரேடியேட்டர், படகு எஞ்ஜின் என்று பல இடங்களில் உள்ள அலுமினியக் காயில்களைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: திருவான்மியூரில் கடற்கரையிலிருந்து 300 மீட்டரில் எங்கள் வீடு. ஒன்றரை டன் ஏ.சி. வாங்கி மூன்றாம் வருடமே அவுட்டோர் காயிலில் கேஸ் லீக். "அலுமினியக் காயில் என்பதால்தான் இப்படி, காப்பர் காயில் வாங்குங்கள்" என்கிறார் மெக்கானிக். சரிதானா?

பாதி சரி. ‘காப்பர் காயில்’ என்று விற்கிற ஏ.சி.யிலும் குழாய்தான் காப்பர். அதன்மேல் நெருக்கமாகக் கோத்திருக்கும் ஃபின் தகடுகள் அலுமினியமே. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன்தான் இருக்கும். காப்பரும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால் அது ஒரு குட்டி பேட்டரி ஆகிவிடும். இரண்டு உலோகங்களுக்கும் நடுவே சுமார் அரை வோல்ட் வித்தியாசம் உண்டு. அந்தப் பேட்டரியில் கரைவது எப்போதும் அலுமினியம்தான். கடலோரத்தில் சில வருடம் ஓடிய காப்பர் காயிலை விரலால் லேசாகத் தடவிப் பாருங்கள், ஃபின் வெள்ளைப் பொடியாக உதிரும். குழாய் பத்திரமாக இருக்கும், கேஸும் இறங்கியிருக்காது. ஆனால் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கத் தகடு இருக்காது. கரன்ட் பில் ஏறும், நடுமத்தியானத்தில் கம்ப்ரஸர் சூடேறி நின்று நின்று ஓடும்.

முழு அலுமினியக் காயிலில் குழாயும் ஃபின்னும் ஒரே இனம் என்பதால் இந்தச் சண்டை இல்லை. குழாயின் மேற்பரப்பிலும் ஃபின்னிலும் கொஞ்சம் துத்தநாகம் கலந்து, முதலில் கரைவது அவையாக இருக்கும்படி செய்யும் தயாரிப்பாளர்களும் உண்டு. இதன் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. தட்டையான குழாயின் சுவர் சுமார் 0.3 மி.மீ.தான். உப்பு ஒரு புள்ளியில் துளைக்க ஆரம்பித்தால் மற்ற இடமெல்லாம் பளபளவென்று இருக்கும்போதே அங்கே ஊசிமுனை ஓட்டை விழுந்துவிடும். காப்பர் குழாயில் ஓட்டை விழுந்தால் தெருமுனை மெக்கானிக்கும் பற்றவைத்துவிடுவார். இதில் பெரும்பாலும் காயிலையே மாற்ற வேண்டிவரும்.

அதனால் உங்கள் மெக்கானிக்கிடம் நாங்கள் கேட்கச் சொல்லும் கேள்வி, லீக் எந்த இடத்தில் என்பதுதான். சோப்புத் தண்ணீர் விட்டால் தெரிந்துவிடும். காப்பர் குழாய் வந்து அலுமினியத்தோடு சேரும் ஜாயின்ட்டில் என்றால், அந்த ஜாயின்ட்டைத் தண்ணீர் புகாமல் மூடவில்லை என்று பொருள். அடிவரிசைக் குழாய்களில் மட்டும் என்றால் குப்பையும் ஈரமும் அங்கே தேங்கியிருக்கிறது. காயில் முழுக்க அங்கங்கே என்றால் உப்பைக் கழுவாமலே விட்டிருக்கிறார்கள். ஜாயின்ட் கோளாறு காப்பர் காயிலில் வராது. மற்ற இரண்டும் காப்பர் வாங்கினாலும் தொடரும், அங்கே ஃபின்னைக் கரைக்கும். 300 மீட்டர் தூரத்துக்கு, பூச்சில்லாத காயில் எந்த உலோகமானாலும் நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். தொழிற்சாலையிலேயே முழுக் காயிலையும் முக்கி எடுத்து எபாக்ஸி பூச்சு போட்ட மாடல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ‘புளூ ஃபின்’ என்று போட்டிருந்தால் அந்தப் பூச்சு போதாதா?

உள்நாட்டு ஊர்களுக்குப் போதும். அந்த நீலப் பூச்சைத் தகடு சுருளாக இருக்கும்போதே போட்டுவிடுகிறார்கள். பிறகுதான் வெட்டிக் குழாய்க்குத் துளை போடுகிறார்கள். எனவே வெட்டிய விளிம்பும் துளையின் ஓரமும் வெறும் அலுமினியமாகவே இருக்கும். காப்பர் தொடுவதும் சரியாக அந்த ஓரத்தில்தான். காயிலைச் செய்து முடித்தபின் முக்கி எடுக்கும் பூச்சு விளிம்பையும் மூடும், இரண்டுக்கும் அதுதான் வித்தியாசம்.

கேள்வி: தூத்துக்குடியில் ஏ.சி. சர்வீஸ் செய்கிறேன். அலுமினியக் காயில் யூனிட்டுகளை மாட்டும்போது என்னென்ன கவனிக்க வேண்டும்? ஜாயின்ட் போடுவதையும் விளக்கமாகச் சொல்லுங்கள்.

இடத்திலிருந்து ஆரம்பிப்போம். கடல்காற்று நேராக அடிக்கும் சுவரில் யூனிட்டை மாட்டாதீர்கள். உங்கள் ஊரில் பிற்பகல் காற்று கிழக்கிலிருந்து வரும், கட்டடத்தின் மேற்குப் பக்கம் இருந்தால் அங்கே போங்கள். வேறு வழியில்லை என்றால் முன்னால் ஒரு தடுப்புச் சுவர் வேண்டும். அகலமும் உயரமும் யூனிட்டைப்போல் ஒன்றரை மடங்கு, யூனிட்டுக்கும் சுவருக்கும் நடுவே குறைந்தது 70 செ.மீ. இடைவெளி. வெயிலுக்குப் பயந்து சன்ஷேடுக்கு அடியில் ஒடுக்கி வைக்கிறோமே, அதில் ஒரு சிக்கல் உண்டு. மழை படாத யூனிட்டில் உப்பு கழுவப்படாமல் சேர்ந்துகொண்டே போகும். அங்கே வைத்தால் வீட்டுக்காரரிடம் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பொறுப்பைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

பக்கத்தில் கழிவறை ஜன்னல் இருக்கிறதா என்றும் பாருங்கள். டைல்ஸ் கழுவும் ஆசிட்டின் ஆவி அலுமினியத்துக்கு உப்பைவிட மோசம். செப்டிக் டேங்க் காற்றுக்குழாய், பிளீச்சிங் தண்ணீர் போகும் வாய்க்கால் ஆகியவற்றிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

புதுக் கட்டடத்தில் பூச்சு வேலை முடியுமுன்பே யூனிட்டை மாட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. சிமென்ட் பாலும் சுண்ணாம்பும் கடுமையான காரம், பி.எச். 12-க்கு மேல். அலுமினியத்தைக் காக்கும் ஆக்சைடு படலம் தாக்குப்பிடிப்பது ஏறத்தாழ 4 முதல் 8.5 வரைதான். சிமென்ட் சொட்டு விழுந்த இடத்தில் ஃபின் கறுத்து, பிறகு ஓட்டை விழும். யூனிட்டைத் தார்பாய் போட்டு மூடுங்கள். தெறித்துவிட்டால் காயும்முன் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

இன்னொரு கண்ணுக்குத் தெரியாத எதிரி காப்பர் தூள். குழாயை வெட்டிப் பிசிர் எடுக்கும்போது விழும் தூள் காயில்மேல் பட்டால், ஒவ்வொரு துகளும் அடுத்த மழையில் ஒரு புள்ளி ஓட்டைக்கு வித்து. குழாய் வேலையைத் தள்ளி நின்று செய்யுங்கள், பிசிர் எடுக்கும்போது குழாய் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். கிரைண்டர் பொறியும் அப்படித்தான். காப்பர் லைனில் வியர்க்கும் தண்ணீர் வழிந்து காயில்மேல் சொட்டுகிறதா என்பதையும் பாருங்கள். அந்தச் சொட்டு கரைந்த காப்பரைக் கூடவே கொண்டுவரும். லைன் எப்போதும் காயிலுக்குக் கீழே அல்லது பக்கவாட்டில் போக வேண்டும்.

காயிலை வெறும் இரும்பு கிளாம்ப்பால் இறுக்காதீர்கள், நடுவில் ரப்பர் வேண்டும். ஸ்டாண்டுக்கும் யூனிட்டுக்கும் நடுவே குறைந்தது 10 மி.மீ. ரப்பர் பேட் வையுங்கள். அதிர்வையும் தாங்கும், உலோகங்கள் தொடுவதையும் தடுக்கும்.

இனி ஜாயின்ட். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். காப்பர்போல் சிவந்து எச்சரிக்காது, நிறம் மாறாமல் இருந்து சட்டென்று தொப்பென விழும். அலுமினியமும் காப்பரும் தொட்டுக்கொண்டிருந்தாலோ 548 டிகிரியிலேயே இரண்டும் சேர்ந்து உருக ஆரம்பித்துவிடும். அதனால் காப்பர்–அலுமினிய ஜாயின்ட்டுக்கு 577 டிகிரிக்கு மேல் உருகும் அலுமினியம்–சிலிக்கான் ராடு (பற்றவைக்க உருக்கும் கம்பி) கூடாது. அது அலுமினியத்தோடு அலுமினியத்தைச் சேர்க்க மட்டும். இங்கே வேண்டியது துத்தநாகம் 78, அலுமினியம் 22 சதவீதம் உள்ள, உள்ளேயே ஃபிளக்ஸ் (ஆக்சைடு படலத்தை நீக்கும் மருந்து) நிரப்பிய ராடு. அது 500 டிகிரிக்குள் ஓடிவிடும்.

இரண்டு முனைகளையும் அசிட்டோனில் துடைத்து, ஸ்டீல் பிரஷ்ஷால் தேயுங்கள். காப்பரில் தேய்த்த பிரஷ் அலுமினியத்தைத் தொடக்கூடாது, அலுமினியத்துக்குத் தனி ஸ்டெயின்லெஸ் பிரஷ். சுடரைக் காப்பர் பக்கம் காட்டுங்கள், சூடு அங்கிருந்து அலுமினியத்துக்குத் தானாகப் போகட்டும். சுடரால் ராடை உருக்காதீர்கள். குழாயின் சூட்டில் ராடு உருகினால்தான் உள்ளே இழுக்கும். ஓடி முடித்ததும் சுடரை எடுத்துவிட்டு, ஆடாமல் அசையாமல் ஆறவிடுங்கள். ஃபிளக்ஸ் குளோரைடு வகை என்றால் மிச்சம் இருக்கும் வெள்ளைப் படிவை வெந்நீரில் கழுவியே ஆக வேண்டும், விட்டால் ஜாயின்ட்டை அதுவே தின்றுவிடும். ஃபுளோரைடு வகை அரிக்காது. வாங்கும்போதே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு லீக் சோதனைக்கு நைட்ரஜன். ஆக்சிஜன் ஒருபோதும் கூடாது, கம்ப்ரஸர் ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். ரெகுலேட்டர் வைத்து முதலில் 5 பார், சில நிமிடம் பொறுத்து 15 பார், அதற்குப் பின்தான் நேம் பிளேட்டில் உள்ள சோதனை அழுத்தம். ஆர்-32 யூனிட்டுக்கு அது வழக்கமாக 40 பாரை ஒட்டி இருக்கும். அழுத்தம் இறங்காமல் நின்றால் வேக்யூம் பம்ப் போட்டு 500 மைக்ரானுக்கு (இங்கே இது வேக்யூம் அளவு) கீழே கொண்டுபோங்கள். பம்ப்பை மூடி 10 நிமிடம் பாருங்கள், முள் ஏறாமல் இருக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தால் ஜாயின்ட்டை மூடுங்கள், பெரும்பாலானோர் விட்டுவிடும் வேலை இதுதான். பி.வி.சி. டேப் மட்டும் சுற்றினால் மழைத்தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது. அது மூடாததைவிட மோசம். துடைத்துக் காயவைத்து, பியூட்டைல் டேப்பை இழுத்துச் சுற்றி, இரண்டு பக்கமும் 5 செ.மீ. அளவு குழாய்மேல் ஏறும்படி விடுங்கள். அதன்மேல் உட்புறம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். ஸ்லீவைக் குழாயில் முன்கூட்டியே கோத்து, சுடரிலிருந்து தூரத் தள்ளி வைத்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். பிறகு கோக்க முடியாது.

கேஸ் போடும்போது எடை பார்த்துப் போடுங்கள். தட்டைக் குழாய்க் காயிலின் உள்கொள்ளளவு சிறியது, 50 கிராம் கூடினாலும் ஹெட் பிரஷர், அதாவது கம்ப்ரஸர் வெளித்தள்ளும் பக்கத்து அழுத்தம், ஏறிவிடும். கேஜ் பார்த்துக் குத்துமதிப்பாக நிரப்பும் பழக்கம் இங்கே உதவாது.

கேள்வி: சர்வீஸுக்கு வந்தவர் ஒரு கெமிக்கல் அடித்தார். காயிலிலிருந்து வெள்ளை நுரை பொங்கி வந்தது. "அழுக்கு வெளியே வருது" என்றார். ஒரு வருடத்தில் காயில் போய்விட்டது. அந்தக் கெமிக்கல்தான் காரணமா?

காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு. காஸ்டிக் சோடா கலந்த கிளீனர் அலுமினியத்தில் பட்டால் ஹைட்ரஜன் குமிழாக வரும், சூடும் கிளம்பும். அழுக்கு கிளம்புவதாக நாம் பார்ப்பதில் ஒரு பகுதி காயிலின் உலோகமே. ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் கலந்த கிளீனரும் பளபளப்பாக்கும், கூடவே சுவரை மெலிதாக்கும். பி.எச். 6 முதல் 8 வரை என்று டப்பாவில் அச்சிட்டிருக்கும் கிளீனரை மட்டும் அனுமதியுங்கள். பி.எச். காகிதம் மருந்துக்கடையில் கிடைக்கும், ஒரு துளி தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

உண்மையில் கடலோர வீட்டுக்குக் கெமிக்கலைவிட முக்கியம் வெறும் நல்ல தண்ணீர். மெயின் சுவிட்சை அணைத்து, மேல் மூடியைக் கழற்றி, கன்ட்ரோல் பாக்ஸைப் பிளாஸ்டிக் கவரால் மூடி, உள்ளிருந்து வெளிநோக்கித் தோட்டத்துக் குழாயால் கழுவுங்கள். வெளியிலிருந்து அடித்தால் தூசி உள்ளே இறுகும். பைக் கழுவும் ஜெட் கன் ஃபின்னை மடக்கிவிடும், அதை வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒன்றரை டன் யூனிட்டுக்குப் பதினைந்து இருபது லிட்டர் போதும். 500 மீட்டருக்குள் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை, தள்ளி இருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

எந்தத் தண்ணீர் என்பதும் கணக்கு. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கழுவுவதே உப்பு ஊற்றுவதாகிவிடும். ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் தண்ணீரை மிச்சம் பிடித்து ஊற்றுகிறவர்கள் உண்டு, உப்பு அதில்தான் அதிகம். அதற்குப் பதில் ஏ.சி.யின் இன்டோர் யூனிட்டிலிருந்து வடியும் தண்ணீரை ஒரு வாளியில் பிடியுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து இறங்கியது, அதில் உப்பு மிகக் குறைவு. இன்டோர் காயிலில் காப்பர் குழாய் இல்லை என்றால் மட்டும் கடைசி அலசலுக்கு அது நல்லது. இருந்தால் கரைந்த காப்பரும் கூடவே வரும்.

கேள்வி: ஏற்கெனவே ஓடும் யூனிட்டுக்கு நாமே ஸ்பிரே பூச்சு அடிக்கலாமா?

சாதாரண பெயிண்ட் வேண்டாம், ஃபின் இடுக்கை அடைத்துவிடும். காயிலுக்கென்றே வரும் பாலியூரித்தேன் ஸ்பிரே இருக்கிறது, சுமார் 25 மைக்ரான் படலம் போதும். ஆனால் அதைப் புது யூனிட்டில் முதல் நாளே அடிக்க வேண்டும். உப்பு ஏறிய காயில்மேல் அடித்தால் உப்பையும் சேர்த்து மூடிவிடுவீர்கள், அரிப்பு பூச்சுக்கு அடியில் நடக்கும்.

கேள்வி: என் லாரியில் அலுமினிய ரேடியேட்டர். ஒரே வருடத்தில் இரண்டு முறை ஓட்டை. போர் தண்ணீரோடு கூலன்ட் கலந்து ஊற்றுகிறோம். தரமில்லாத ரேடியேட்டரா?

ரேடியேட்டரைக் குறை சொல்லுமுன் இரண்டு விஷயங்களைச் சோதியுங்கள்.

முதலில் தண்ணீர். கனரக எஞ்ஜின்களுக்குக் கூலன்ட் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்குக் குளோரைடு 40 மில்லிகிராமுக்கு மேல், கடினத்தன்மை 170-க்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவான வரம்பு. நம் ஊர் போர் தண்ணீர் பெரும்பாலும் இதைத் தாண்டிவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் அல்லது டி.எம். வாட்டரில் (தாது உப்புகளை நீக்கிய தண்ணீர்) பாதிக்குப் பாதி கலக்குங்கள். பச்சைக் கூலன்ட்டும் ஆரஞ்சு அல்லது சிவப்புக் கூலன்ட்டும் கலந்தால் அரிப்பைத் தடுக்கும் காப்பு மருந்துகள் ஒன்றையொன்று கெடுத்துக் கூழாகலாம். நிறம் ஒரு அடையாளம் மட்டுமே, டப்பாவில் உள்ள வகையைப் பாருங்கள். பழைய கூலன்ட் புளித்து பி.எச். 7-க்குக் கீழே இறங்கியிருந்தால் முழுவதும் வடித்துவிட வேண்டும், மேலே கொஞ்சம் ஊற்றிச் சரிசெய்ய முடியாது. புது ரேடியேட்டரின் உள்ளே தயாரிப்பின்போது ஒட்டிய ஃபிளக்ஸ் மிச்சம் இருக்கும், அதுவும் கூலன்ட்டின் மருந்தைத் தின்னும். மாட்டியதும் டி.எம். வாட்டர் விட்டு எஞ்ஜினைச் சூடாக ஓட்டி, வடித்துவிட்டுத்தான் கூலன்ட் ஊற்ற வேண்டும்.

அடுத்தது கரன்ட். இதை ஒர்க்‌ஷாப்பில் பார்ப்பதே அபூர்வம். மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையைக் கூலன்ட்டிலும் வையுங்கள். எஞ்ஜின் ஆறியிருக்க வேண்டும், முனை ரேடியேட்டர் உலோகத்தைத் தொடக்கூடாது. 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.3-க்கு மேல் என்றால் எங்கோ எர்த் சரியில்லாமல் கரன்ட் கூலன்ட் வழியாகத் திரும்புகிறது, அலுமினியம் உள்ளிருந்து கரைந்துகொண்டிருக்கிறது. ஸ்டார்ட்டர் அடிக்கும்போது, ஹெட்லைட், ஃபேன், பின்னால் பொருத்திய ஆடியோ ஒவ்வொன்றையும் போட்டுப் பாருங்கள். எதைப் போடும்போது முள் குதிக்கிறதோ அதன் எர்த் ஒயரைச் சுரண்டிப் புதிதாகப் போடுங்கள். எஞ்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே உள்ள எர்த் பட்டை அறுந்திருப்பது அடிக்கடி காண்பது. ரேடியேட்டருக்கே எர்த் ஒயர் கொடுப்பது சிலர் செய்யும் தவறு, கரன்ட்டுக்கு வழிகாட்டி விடுவதுபோல் ஆகிவிடும். அது ரப்பர் புஷ்மேல் தனியாக உட்கார வேண்டும்.

கேள்வி: ராமேசுவரத்தில் படகு வைத்திருக்கிறேன். கடல்தண்ணீரை நேராக அலுமினிய ரேடியேட்டருக்குள் விட்டு எஞ்ஜினைக் குளிரவைக்கலாமா?

கூடாது. மேலே சொன்ன வரம்பு லிட்டருக்கு 40 மில்லிகிராம் குளோரைடு, கடல்தண்ணீரில் அது ஏறத்தாழ 19,000. கடல்தண்ணீர் குப்ரோ–நிக்கல் (காப்பர்–நிக்கல் கலவை) குழாய் உள்ள ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியாகத்தான் போக வேண்டும். எஞ்ஜினுக்குள் கூலன்ட் தனிச் சுற்றாக ஓடட்டும். ஹீட் எக்ஸ்சேஞ்சரில், தான் முதலில் கரைந்து மற்ற உலோகத்தைக் காக்கும் ஜிங்க் கட்டி பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள், அதற்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள்.

கேள்வி: கார் ஏ.சி.க்கு ஆர்-134ஏ கேஸ் ஒரு கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. லேபிள் இல்லாத சிலிண்டர். வாங்கலாமா?

தயவுசெய்து வாங்காதீர்கள். போலி கேஸில் மெத்தில் குளோரைடு என்ற ஆர்-40 கலந்திருக்கலாம். அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டவுடன் தானே தீப்பிடிக்கும் ஒரு பொருளை உண்டாக்கும். 2011-இல் குளிர்சாதனக் கப்பல் கண்டெய்னர்கள் இதனால் வெடித்து வியட்நாமிலும் பிரேசிலிலும் தொழிலாளர்கள் இறந்தார்கள். காரின் கண்டென்சரும் எவாப்பரேட்டரும் பெரும்பாலும் அலுமினியம் என்பதை நினைவில் வையுங்கள்.

30 டிகிரியில் அசல் ஆர்-134ஏ சிலிண்டர் கேஜில் சுமார் 6.7 பார் காட்டும். ஆனால் அதே அழுத்தம் வரும்படி கலந்துவிட முடியும் என்பதால் கேஜை நம்பிப் பயனில்லை. ரெஃப்ரிஜரன்ட் ஐடென்டிஃபயர் என்ற, கேஸ் வகையைக் கண்டறியும் கருவி உள்ள ஒர்க்‌ஷாப்பில்தான் உறுதிசெய்ய முடியும். ஏற்கெனவே சந்தேகமான கேஸ் போட்டாயிற்று என்றால் ஏ.சி.யை ஓட்டாதீர்கள். லைனைக் கழற்றியோ வால்வை அழுத்தியோ கேஸை வெளியே விடாதீர்கள். வண்டியை வீட்டை விட்டுத் தள்ளி நிறுத்தி, என்ன கேஸ் போட்டது என்று சொல்லி, அந்தக் கருவி உள்ளவர்களை அழையுங்கள்.